‘ரிப்’, ‘டிரான்ஸ்கோட்’ – சொல் வேண்டும், வெள்ளிக்குள்

த.செ. (திருச்சி):
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று நூலகத்தில் ஒரு பட்டறை. வீட்டில் கிடக்கும் டிவிடி படங்களைக் கணினியில் ஏற்றி, ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் வழியாக டிவியில் பார்க்கக் கற்றுத்தருகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய கையேட்டில் ‘ரிப்’ (வட்டிலிருந்து படத்தை எடுப்பது), ‘டிரான்ஸ்கோட்’ (எடுத்த படத்தை வேறு முறையில் சுருக்குவது) இரண்டுக்குமே ‘மாற்றுதல்’தான். படிப்பவர்கள் குழம்புகிறார்கள்.

க.மு. (மதுரை):
உரித்தல். தேங்காயை உரிக்கிறோம், வட்டையும் உரிப்போம்.

ந. (யாழ்ப்பாணம்):
ஐயா, உரித்தால் மட்டை வேறு, காய் வேறு. இங்கே படம் வட்டிலும் அப்படியே இருக்கிறதே? அத்துடன் எங்களிடத்தில் வட்டு என்பது இறுவட்டு.

க.மு.:
இறுதல் என்றால் முறிதல். ‘அச்சிறும்’ என்கிறார் வள்ளுவர். கீறல் விழுந்த என் வட்டுகளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

ந.:
இது இறுக்கத்தின் ‘இறு’ ஐயா, முறிவின் ‘இறு’ அல்ல.

த.செ.:
இறுவைப் பிறகு பார்க்கலாமா? எனக்கு வெள்ளிக்கிழமை.

வே. (சிங்கப்பூர்):
முதலில் செயலைப் பார்ப்போம். கடையில் வாங்கிய டிவிடியில் உள்ள விஓபி என்ற படக் கோப்புகளை வெறுமனே இழுத்துப் போட்டால் பெரும்பாலும் படம் சிதறும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு அப்படியே இருக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் பூட்டைத் திறந்து, உள்ளே எம்பெக்-2 முறையில் சுருக்கியிருக்கும் படத்தைத் தொடாமல் வேறு உறையில், அதாவது வேறு கோப்பு வகையில் போடுகிறது. 7 ஜிபி படம் ஏறக்குறைய 7 ஜிபியாகவே வரும். இது ரிப். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.265 என்ற சுருக்க முறைக்கு மாற்றினால் அளவு நன்றாகக் குறையும், கொஞ்சம் தரமும் போகும். இது டிரான்ஸ்கோட். ஒன்றில் இழப்பில்லை, மற்றதில் உண்டு. சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

ச. (கோவை):
அப்படியானால் ரிப்புக்குப் ‘படியெடுத்தல்’. கல்வெட்டுக்காரர்கள் தாளை நனைத்துக் கல்லில் ஒற்றி, மை தட்டி எடுப்பார்களே, அதற்கு இந்தச் சொல்தான். கல் கல்லாகவே நிற்கும், எழுத்து மட்டும் தாளில் வரும்.

வே.:
அழகுதான் அம்மா. ஆனால் சாதாரண காப்பியும் படியெடுத்தல்தானே?

ச.:
அதற்குத்தான் ‘நகலெடு’ இருக்கிறதே.

க.மு.:
நகல் தமிழன்று!

ச.:
நகல் எடுக்கும் கடையில் போய்ச் சொல்லுங்கள் ஐயா.

க.மு.:
சரி, அதை விடுகிறேன். டிரான்ஸ்கோடுக்கு ‘வடித்தல்’ வைக்கலாம். சோறு வடித்தால் கஞ்சி போகும். இழப்பு சொல்லிலேயே இருக்கிறது. ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்ற புறநானூற்று அடியையும் நினையுங்கள், வடிவமைத்தல் என்ற பொருளும் வந்துவிடும்.

ந.:
ஐயா, வேலை வடிக்கையில் கஞ்சி எங்கே போனது?

வே.:
‘மறுகுறியாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நீளம்தான், ஆனால் தேடினால் கிடைக்கும்.

ர. (சென்னை):
என் மாணவர்கள் ‘ரிப் பண்ணு’ என்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. வடசொல்லையே எழுத்தைத் திருத்தி ஏற்கலாம் என்றார் தொல்காப்பியர்.

க.மு.:
அவர் வடசொல்லைச் சொன்னார், மேல்நாட்டுச் சொல்லை அல்ல.

த.செ.:
படியெடுத்தல் 4, உரித்தல் 1, ரிப் 1. டிரான்ஸ்கோடுக்கு மறுகுறியாக்கம், வடித்தலுக்கு ஐயா ஒருவர்தான். முதல் பக்கத்தில் மட்டும் ‘ரிப் என்று வழங்கும் படியெடுத்தல்’ என்று போடுகிறேன்.

ர.:
ஞாயிறன்று யாராவது ‘ரிப்னா என்ன’ என்று கேட்கிறார்களா, ‘படியெடுத்தல்னா என்ன’ என்று கேட்கிறார்களா, பார்த்துச் சொல்லுங்கள்.

க.மு.:
உரித்தலை அடிக்குறிப்பிலாவது சேர்க்கவும்.