சால்மன் ஸ்ட்ரீமர்ல ஹூக் மட்டும் கழட்டி மாத்தற மாதிரி கட்டறது எப்படி? சேலத்துல கிடைக்கற சாமான் போதுமா?

குகை_தறிக்காரன்

வணக்கங்க. வீடு சேலம் குகை, பட்டுத்தறி தான் பொழப்பு. அக்கா கனடாவுல அபாட்ஸ்ஃபோர்டுல இருக்காங்க, போன அக்டோபர்ல போயிருந்தப்ப மாமா வெட்டர் ஆத்துக்கு கூட்டிட்டு போய் ஃப்ளை ராடைக் (இறகு, முடி கட்டின பொய் இரைய வீசிப் புடிக்கற தூண்டில்) கையில குடுத்தார், அன்னிக்குப் புடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல. இங்க வந்ததும் ஒரு வைஸ் (ஹூக்கக் கவ்விப் புடிக்கற இடுக்கி) வாங்கிப் போட்டு ராத்திரி தறிச்சத்தம் அடங்கினதும் உக்காந்து ஃப்ளை கட்டறேன்.

பிரச்சனை என்னன்னா, நீளத் தண்டு ஹூக்குல 3 இன்ச் ஸ்ட்ரீமர் (சின்ன மீன் மாதிரி இருக்கற நீள ஃப்ளை) கட்ட எனக்கு 40 நிமிஷம் ஆகுது. அந்த ஆத்துல கீழ பூரா உருட்டுக்கல்லு. மாமா கொண்டு வந்த டப்பால 12 இருந்துச்சு, சாயங்காலம் பாத்தா 7க்கு முனை மொன்னை, ஒண்ணு நிமிந்தே போச்சு, ஆனா இறகெல்லாம் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. முள்ளு போனதுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போடறது வயிறு எரியுதுங்க. ரெண்டாவது, மீன் வால் பக்கமா மட்டும் ஒரு இழு இழுத்துட்டு விட்டுருது, ஹூக் முன்னாடி இருக்கறதால மாட்டவே மாட்டேங்குது. ஹூக்கை மட்டும் மாத்தற மாதிரி கட்டலாம்னு கேள்விப்பட்டேன். வெளிநாட்டு சாமான் விலை கட்டுபடியாகாது, இங்க இருக்கறத வச்சு ஆகுமா?

ஏற்காடு_மிளகுக்கொடி

ஆகும் தம்பி. நான் ஸ்காட்லாந்து அபர்டீன்ல வேலை பாத்தப்ப அங்க டீ (Dee) ங்கற ஆத்துல புடிச்சவன், இப்ப மலையில காப்பித் தோட்டம். அங்க பாதிப் பேர் கையில ட்யூப் ஃப்ளை தான். இறகு, முடி எல்லாத்தையும் ஹூக்ல கட்டாம ஒரு சின்னக் குழாய் மேல கட்டணும், தூண்டில் நரம்பு குழாய்க்குள்ள பூந்து பின்னாடி வந்து ஹூக்ல முடிச்சாகும், அந்த ஹூக் கண்ணை (நரம்பு கட்டற ஓட்டை) குழாயோட வால்ல மாட்டின ஒரு ரப்பர் துண்டுக்குள்ள சொருகிட்டா ஆடாம நேரா நிக்கும். மொன்னையாச்சா, முடிச்ச வெட்டி வேற ஹூக் போடு, அவ்வளவு தான்.

இன்னொரு லாபம் இருக்கு, எனக்கு அது தான் பெருசு. நீளத் தண்டு ஹூக்னா மீன் தலைய ஒதறும்போது அந்தத் தண்டே கடப்பாரை மாதிரி நெம்பி வாய்ல இருந்து கழண்டுரும். ட்யூப்ல மீன் மாட்டினதும் ரப்பர்ல இருந்து ஹூக் உருவிக்கும், ட்யூப் நரம்புல மேல ஏறிப் போயிரும், வாய்ல இருக்கறது குட்டைத் தண்டு ஹூக் மட்டும், நெம்ப ஒண்ணும் கிடைக்காது. ஃப்ளையும் பல்லுல மாட்டிக் கிழியாது. முட்டையிட ஏறி வர்ற ஆண் சால்மன் தாடை வளைஞ்சு பல்லு எப்படி இருக்கும்னு பாத்திருப்பியே.

சாமானுக்கு வர்றேன். முன்னெல்லாம் காது குடையற பட்ஸ் குச்சி எடுப்போம், 2022 ஜூலைல இருந்து பிளாஸ்டிக் குச்சி பட்ஸுக்குத் தடை, இப்ப பேப்பர் குச்சி தான் வருது, தண்ணில ஊறிரும். தீந்து போன பால்பாயிண்ட் ரீஃபில் எடு, முனையப் புடுங்கிட்டு இங்க் போக நல்லாக் கழுவு (நான் ஒழுங்கா கழுவாம வெள்ளை ஆட்டுமுடி கட்டி நீலமாக்கியிருக்கேன்). ஒன்றரை இன்ச் வெட்டி ஒரு முனைய லைட்டர் பக்கம் ஒரு செகண்ட் காட்டினா விளிம்பு லேசா உருகி சுருண்டுக்கும், தலைப்பக்கம் நூல் நழுவாது. தீயில தொட்டுறாத, ஓட்டை அடைச்சுக்கும். வைஸ்ல கோணி ஊசிய கவ்வ வச்சு அதுல ரீஃபில இறுக்கமா ஏத்திக்கோ, கட்டறப்ப சுத்தாது. வால் ரப்பருக்கு சைக்கிள் கடைல வால்டியூப் கேளு, ஒரு சென்டிமீட்டர் போதும், பாதி ரீஃபில் மேல, பாதி ஹூக் கண்ணுக்கு. வெயில்ல கிடந்தா பிசுபிசுன்னு ஆகும், அப்பப்ப மாத்திக்க.

செவ்வாய்பேட்டை_பட்டறை

எனக்கு சால்மனும் தெரியாது ஒண்ணும் தெரியாது, மேட்டூர்ல ஜிலேபி மீன் புடிக்கறவன். கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், அதனால குழாய் விஷயம் மட்டும் சொல்றேன். அந்த ஆத்துல இழுப்பு ஜாஸ்தின்னா ரீஃபில் மேலாக்கவே மிதக்கும்ல, மெல்லிசு பித்தளை இல்ல செம்புக் குழாய் போடுங்க, கனத்துல கீழ போயிரும். ஆனா கட்டிங் பிளேயர் வச்சு நறுக்குன்னு வெட்டாதீங்க, வாய் நசுங்கிரும். குழாயக் கட்டை மேல வச்சு கத்தியால அழுத்தி முன்னயும் பின்னயும் உருட்டுங்க, சுத்தி வரி விழுந்து தானா ஒடியும். அப்ப உள் விளிம்புல ஒரு பிசிறு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, நகத்த விட்டா சுரண்டும். அதுதாங்க எமன், நரம்பு அதுல உரசி உரசி பெரிய மீன் வர்ற நேரம் பாத்து அறுந்துரும். மங்கின சிவப்பு வர்ற வரைக்கும் சூடு பண்ணி ஆற விட்டா உலோகம் இளகிரும், அப்பறம் கூம்பு முனைய வச்சு மெதுவா தட்டினா வாய் பூ மாதிரி விரியும், பிசிறும் வெளிய மடிஞ்சிரும். ஒரு பஞ்ச உள்ள விட்டு இழுத்துப் பாருங்க, நார் மாட்டலன்னா சரி.

ஆத்தூர்_டு_சர்ரே

மிளகுக்கொடி அண்ணா சொன்னது சரி, ஆனா நான் ட்யூப் விட்டுட்டேன், குளிர்ல விரல் மரத்துப் போய் அந்த ரப்பருக்குள்ள ஹூக் சொருகறது நரகம். நான் கட்டறது ஷேங்க்ல, அதாவது வளைவு இல்லாத வெறும் ஹூக் தண்டுல. வெலை கம்மியான நீளத் தண்டு ஹூக் எடுத்து, முதல்ல தண்டு மேல 50 பவுண்டு தாங்கற பிரெய்டு (பின்னல் நரம்பு) லூப் ஒண்ண பின்னாடி நீட்டி நூல் போட்டு இறுக்கி ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அதுக்கு மேல ஸ்ட்ரீமர் கட்டு. முடிஞ்சதும் முன் ஹூக்கோட வளைவ வெட்டி எறிஞ்சிரு, துணிக்குள்ள வச்சு வெட்டு, துண்டு கண்ணுக்குப் பறக்கும். மாத்தற ஹூக்க கண்ணு வழியா லூப் நுழைச்சு, லூப்ப ஹூக் மேல சுத்தி எடுத்து இழுத்தா உக்காந்துக்கும். லூப் ஹூக் தாண்டற அளவு நீளம் இருக்கணும், அதுக்கு மேல வேண்டாம், ரொம்பப் பின்னாடி போனா சின்ன மீன் தொண்டைக்கே முழுங்கிரும், விடறதுக்குள்ள செத்துப் போகும். பிரெய்டு தொங்குச்சுன்னா கொஞ்சம் வெறைப்பான நைலான் போடு. நீ சொன்ன வால் கவ்வற பிரச்சனை இதுல தான் தீரும்.

வெட்டாம விட்டுறாத. பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) ஆறுகள்ல ஒத்தை முனை, எதிர்முள் (மீன் கழண்டு போகாம முனைக்குப் பின்னால நீட்டற சின்ன முள்) இல்லாத ஹூக் தான், அதுவும் ஒண்ணு தான். முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு இருந்தா அபராதம். எதிர்முள்ள குறடு வச்சு நசுக்கி, பஞ்சுல குத்தி இழுத்துப் பாரு, பஞ்சு மாட்டக்கூடாது. லைசென்ஸோட சால்மன் கன்சர்வேஷன் ஸ்டாம்ப்பும் வாங்கிரு.

குகை_தறிக்காரன்

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. ரெண்டும் கட்டிப் பாக்கறேன். வரி சுத்தறதுக்கு தறி ஜரிகை மிச்சம் கிடக்கு, சேவல் கழுத்து இறகு கறிக்கடைல சும்மாவே தர்றாங்க. கருப்பு விங்குக்கு (ஃப்ளை முதுகுல வர்ற முடி) ஆட்டுமுடி ஆகுமா? அப்பறம் காட்டு ஓரமா மயிலிறகு நிறைய விழுந்து கிடக்கும், பெரியப்பா தோட்டத்துல காட்டுக்கோழியும் வருது, அதோட கழுத்துல மஞ்சப் புள்ளி இறகு சால்மன் ஃப்ளைக்கு கண்ணு மாதிரி வைப்பாங்களாமே?

ஏற்காடு_மிளகுக்கொடி

காட்டுக்கோழி பக்கமே போகாத. 1972 வனவிலங்கு சட்டம். அந்த இறகுக்காக வெள்ளைக்காரன் காலத்துல நம்ம மலைக் கோழி கப்பல் ஏறினது போதும், எங்க தோட்டத்துல காலைல கூவறத கேக்கறதுக்கே எனக்கு ஆசை. தானா உதிர்ந்த மயிலிறகு உள்ளூர்ல வச்சுக்கலாம், நாட்ட விட்டு வெளிய கொண்டு போக அனுமதி இல்ல, ஃப்ளைல நாலு இழை கட்டியிருந்தாலும் அது மயிலிறகு தான். கண்ணு வேணும்னா வெள்ளை நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சு நடுவுல கருப்பு வை. கருப்புக்கு சேலம் கருப்பாடு இருக்க வேற என்ன வேணும், தாடி முடியும் வால் முடியும் வாங்கு, உடம்பு முடி கட்டையா இருக்கும். மேச்சேரி ஆட்டுமுடி வாங்கி ஏமாறாத, அது இன்னும் குட்டை.

குகை_தறிக்காரன்

ரெண்டு வாரம் கழிச்சு அப்டேட். மொட்டமாடித் தொட்டில இழுத்துப் பாத்தேன். முதல் ட்யூப் மல்லாந்து சுத்திச்சு, பாத்தா முடிய ஒரே பக்கமா குமிச்சிருக்கேன், ரெண்டாவதுல முடிய பாதியாக் குறைச்சதும் நேரா நீந்துது. செவ்வாய்பேட்டை அண்ணன் சொன்ன பஞ்சு டெஸ்ட்ல 6 குழாய்ல 4 ஃபெயிலு, எல்லாம் நான் வெட்டினது. இப்ப வால்டியூப்ல ஹூக் மாத்த 1 நிமிஷம் கூட ஆகல, லூப்ல 20 செகண்டு, ஆனா இங்க 34 டிகிரி வெயில்ல. மாமாகிட்ட ஃபோட்டோ அனுப்பினேன், 10 கட்டி எடுத்துட்டு வா, அஞ்சு எனக்குன்னு பதில் வந்துருச்சு.

ஆத்தூர் அண்ணா, லூப்ல ஹூக் முனை மேல பாத்து வைக்கறதா கீழ பாத்தா?

ஆத்தூர்_டு_சர்ரே

மேல பாத்து வை. கல்லுல கம்மியா இடிக்கும்.