நிறுவுதிறனில் பாதி பசுமை என்றால் நாடு பாதித் தூரம் வந்துவிட்டதா?

வைகைக்கரை:
கல்லூரிப் பசங்களுக்காக, நாட்டோட எரிசக்தி முன்னேற்றத்தை மதிப்பிடுற தாள் ஒண்ணு தயாராகுது. 2025 ஜூன்ல நம்ம மின் நிறுவுதிறன்ல, அதாவது எல்லா மின்நிலையமும் சேர்ந்து அதிகபட்சமாத் தரக்கூடிய அளவுல, 50 சதவீதம் நிலக்கரி, எரிவாயு சாராததா ஆயிடுச்சு. 2030க்கு வச்ச இலக்கு அது. இதையே முதல் அளவுகோலா வைக்கலாமா? எங்கெங்க தப்பு வரும்? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

கப்பலூர் ஃபீடர்:
வைக்காதீங்க தம்பி. நிறுவுதிறன் கிலோவாட்டு, நாம செலவழிக்கிறது யூனிட்டு. மதுரை மொட்டைமாடியில 1 கிலோவாட் சோலார் நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். அதே 1 கிலோவாட் அனல்மின் திறன் 65 சதவீதம் ஓடினாலே 15 யூனிட்டுக்கு மேல. அதனாலதான் திறன்ல பாதி வந்தும், உற்பத்தியில நிலக்கரி இன்னும் சுமார் 70 சதவீதம்.

அடுத்தது நேரம். சோலார் போட்ட வீட்டு நெட் மீட்டரைப் பாருங்க. மத்தியானம் எக்ஸ்போர்ட் எண் (கிரிட்டுக்குக் கொடுத்தது) ஏறும். சாயந்திரம் ஆறரைக்கு மேல இம்போர்ட் எண் (கிரிட்ல இருந்து எடுத்தது) மட்டுந்தான் ஓடும். மாசக் கடைசியில ரெண்டும் நேராயிட்டாலும், ராத்திரி ஏசி ஓடினது கிரிட் கரண்ட்லதான். நாட்டுக்கும் இதே கதி. சாயந்திரம் 6 முதல் 10 வரைக்கும் எந்த எரிபொருள் எத்தனை யூனிட் கொடுத்துச்சுன்னு தனி வரிசை போடுங்க. பருவமும் முக்கியம். ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்க் காற்று வலுக்கிறது ஜூனுக்கு மேலதான். ஆனா தமிழ்நாட்டுத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது அதுக்கு முன்னாடியே, 2024 மே 2.

மேலூர்க் கால்வாய்:
ஐ.நா.வோட நிலையான வளர்ச்சி இலக்கு 7-ஐ (எல்லாருக்கும் சுத்தமான எரிசக்தி) அளவுகோலா எடுத்தீங்கன்னா ஒரு பெரிய பொறி இருக்கு. புதுப்பிக்கத்தக்க பங்குல விறகும் சேரும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீடு விறகை விட்டு கேஸுக்கு மாறினா, சுத்தமான சமையல் எண் ஏறும், புதுப்பிக்கத்தக்க பங்கு இறங்கும். புகையில இருமிக்கிட்டிருந்த பொம்பளைக்கு நல்லது நடந்திருக்கு, தாள்ல பின்னடைவுன்னு வரும்! விறகைக் கழிச்சுட்டுத் தனியாக் காட்டுங்க.

கேஸ் இணைப்பையும் எண்ணாதீங்க, வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் எடுத்தாங்கன்னு எண்ணுங்க. நாலு பேர் வீட்ல முழுச் சமையலும் கேஸ்ல நடந்தா 14.2 கிலோ சிலிண்டர் ஏழெட்டு ஆகும். மூணுதான் எடுத்திருந்தா கொல்லையில விறகடுப்பு எரியுதுன்னு அர்த்தம்.

தெப்பக்குளம் தெற்கு:
எரிசக்திப் பாதுகாப்புப் பக்கத்தை, அதாவது வெளியிலிருந்து வரத்து தடைபட்டா தாங்குவோமான்னு, யாரும் தொடலையே. கச்சா எண்ணெய்ல சுமார் 88 சதவீதம், சமையல் கேஸ்ல சுமார் 60 சதவீதம் இறக்குமதி. எத்தனை நாட்டுக்கிட்ட வாங்குறோம்ங்கிறதுக்கு ஒவ்வொரு நாட்டுப் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்க. மூணு நாட்டுப் பங்கு 50, 30, 20 சதவீதம்னா 3,800. அஞ்சு பேர் 20, 20ன்னா 2,000. குறைவா இருந்தா நல்லது. ஆனா வளைகுடாவுல நாலு நாட்டுக்கிட்ட வாங்கினாலும் கப்பல் ஹோர்முஸ் நீரிணை வழியாத்தான் வந்தா அது ஒரே கதவு. அதனால பாதை வாரியாவும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கையிருப்பு: விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலத்தடிக் கிடங்குகளோட கொள்ளளவு 53.3 லட்சம் டன். நிரம்பியிருந்தா நாட்டோட கச்சா எண்ணெய்த் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள் தாங்கும். கொள்ளளவு வேற, உள்ளே இருக்கிறது வேற.

அந்நியச் செலாவணியையும் சேருங்க. இலங்கையில புனல்மின் பங்கு பெருசு, ஆனாலும் 2022 மார்ச் கடைசியில 13 மணி நேரம் கரண்ட் இல்ல. எண்ணெய் வாங்க டாலர் இல்லாமப் போச்சு.

வைகைக்கரை:
எல்லாத்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கலாமா? எத்தனை வருஷத் தரவு வேணும்?

கப்பலூர் ஃபீடர்:
கூட்டாதீங்க. பாதுகாப்பு, எல்லாருக்கும் கிடைக்கிறது, சுற்றுச்சூழல்னு மூணு கட்டமாவே விடுங்க. சராசரி போட்டா ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு மூடிடும். தரவு பத்து வருஷம் வேணும், மழை பொய்ச்ச வருஷம் புனல்மின் படுத்துடும். 2020-21ஐ அடிப்படை ஆண்டா வைக்கவே வைக்காதீங்க. பொதுமுடக்கத்துல தேவை விழுந்து, நிலக்கரி உலைகளைத்தான் முதல்ல குறைச்சாங்க. பசுமைப் பங்கு அந்த வருஷம் தானா உசந்து தெரியும்.