"எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைக்கும் ரத்தம்: உங்கள் அனுபவம் என்ன?

ரத்த வங்கி டெக்னீஷியன், தென் மாவட்டம்

14 வருடமாக இதே வேலை. சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து எங்களிடம் ரத்தம் கேட்டு வருவார்கள். ரிக்விசிஷன் படிவத்தில் ஆஸ்பத்திரி பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷனுக்கு ஒரு டாக்டர் இரண்டு யூனிட் (இரண்டு பை) கிராஸ்மேட்ச் செய்து வைக்கச் சொல்வார், அதாவது அந்த நோயாளியின் ரத்தத்தோடு பையின் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அவருக்கென எடுத்து வைப்பது. பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர், குரூப் மட்டும் பார்த்து வையுங்கள், வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன் என்பார். எல்லாம் அவரவர் படித்து வந்த இடத்துப் பழக்கம்.

கிராஸ்மேட்ச் ஆன பையில் நோயாளி பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, பிரிட்ஜில் மூன்றாவது தட்டில் வைப்போம். எங்களிடம் 72 மணி நேரம் கணக்கு. அதற்கப்புறம் அட்டையைக் கழற்றிப் பொதுத் தட்டுக்கு மாற்றுவோம். சில பைகள் இப்படி மூன்று பேருடைய அட்டையைச் சுமந்துவிட்டு யாருக்கும் ஏறாமல் திரும்பியிருக்கின்றன. சிவப்பணுப் பையின் ஆயுளே அதிகபட்சம் 42 நாள். அதில் ஒன்பது நாள் சும்மா போச்சு. கிராஸ்மேட்ச் செய்தது இரண்டரை பை என்றால் ஏற்றியது ஒரு பையாவது இருக்க வேண்டும் என்பது பாடம். சில மாதம் எங்கள் நோட்டில் ஐந்துக்கு ஒன்றுதான் ஏறியிருக்கும்.

ஓர் அண்ணன், மதுரை

என் தங்கையின் சிசேரியனுக்கு இரண்டு டோனர் கொண்டு வா என்றார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நண்பனை எழுப்பிக் கூட்டிப் போனேன். இருவரும் கொடுத்தோம். கடைசியில் அவளுக்கு ஒரு சொட்டுகூட ஏற்றவில்லை. அப்படியானால் எங்கள் ரத்தம் எங்கே போனது? யாரைக் கேட்டாலும் பதில் இல்லை. இன்றுவரை எனக்கு அது ஒரு கடுப்பு.

ரத்த வங்கி டெக்னீஷியன்

சார், நீங்கள் கொடுத்தது தங்கைக்கு என்று தனியாக வைக்கப்படுவதில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்து சோதனை முடிந்தால்தான் எந்தப் பையும் வெளியே போகும். அவருக்கு எடுத்து வைத்தது முன்பு யாரோ கொடுத்தது. உங்களுடையது அடுத்த யாருக்கோ போயிருக்கும். இதை அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது தப்புதான்.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி பக்கம்

நான் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில், மாசமாக இருக்கிற பெண் சோர்வாக இருக்கிறாள் என்றாலே "ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்பார்கள். வீட்டு ஆட்களும் அதைத்தான் கேட்பார்கள், ஏற்றினால் தெம்பு வரும் என்று. இப்போது ஏழாம் மாதத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்து, எட்டு, ஒன்பது என்று இருந்தால் இரும்புச் சத்து ஊசி. 200 மில்லிகிராமை சலைனில் கலந்தால் பால் ஊற்றாத டீ நிறத்தில் இருக்கும். "இது என்னக்கா சாக்கடைத் தண்ணி மாதிரி" என்று கையை இழுத்துக்கொண்ட பெண்ணை இன்னும் மறக்கவில்லை. அவளுக்குப் பிரசவத்தின்போது பத்துக்கு மேல் வந்துவிட்டது, ரத்தமே தேவைப்படவில்லை. ஏழுக்குக் கீழே, அதுவும் நாள் நெருங்கி வந்தால்தான் இப்போது ஏற்றுகிறோம்.

ஆனாலும் டெக்னீஷியன் சார் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ராத்திரி பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்களிடம் இருப்பது வேறிடத்திலிருந்து ரத்தம் வாங்கி வைக்கிற சேமிப்பு மையம்தான், ரத்த வங்கி இல்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த இரண்டு யூனிட்தான் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கியது. பக்கத்திலேயே ரத்த வங்கி வைத்திருப்பவர்கள் எங்களைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

ஒரு அப்பா, சென்னை

டெங்கு. பையனுக்குத் தட்டணு (பிளேட்லெட்) 28,000. தனியார் ஆஸ்பத்திரியில் உடனே நான்கு பை பிளேட்லெட் ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டேன். அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே டாக்டர் பல் ஈறைப் பார்த்தார், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார், வயிற்றை அமுக்கினார். "ரத்தக்கசிவு இல்லை, பத்தாயிரத்துக்குக் கீழே போனால் பார்ப்போம், இப்போது தண்ணிச்சத்துதான் முக்கியம்" என்றார். மூன்றாம் நாள் எண்ணிக்கை தானாக ஏறியது. என் போனில் மட்டும் ஒரு வாரம் வரை டோனர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தலசீமியா குழந்தையின் அம்மா, சேலம்

தலசீமியா என்பது உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். என் மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏப்ரல், மே வந்தாலே பயம். காலேஜ் லீவு, முகாம் நடக்காது. போன மே மாதம் "பி பாசிட்டிவ் இல்லை, நாளைக்கு வாங்கம்மா" என்று இரண்டு நாள் அலைய விட்டார்கள். ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்துவிட்டது, படியேறும்போதே உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்றாவது தட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. அன்றைக்கு அங்கே பி பாசிட்டிவ் இருந்ததா?

ரத்த வங்கி டெக்னீஷியன்

இருந்திருக்கும் அம்மா. அடுத்த முறை நான்கு நாள் முன்பே போய்த் தேதியையும் குரூப்பையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தட்டில் பாப்பா பெயருக்கும் ஒரு அட்டை கட்டச் சொல்லுங்கள்.