புதுப்பிப்பு: ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு வந்துவிட்டது

ஓயாத களைப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. ஹீமோகுளோபின் 12.1, அதாவது இயல்பான அளவில், இருப்பதால் "மன உளைச்சல்தான்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டதை முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி, அறிகுறிகளையும் மாதவிடாய் உதிரப்போக்கையும் தாளில் குறித்து எடுத்துப்போனேன். "ஃபெரிட்டின் பார்க்கலாமா டாக்டர்? தேவையில்லை என்றால் காரணத்தைச் சீட்டில் எழுதித் தாருங்கள்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டுவிட்டேன். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவு 8. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலில் சேமித்துள்ள இரும்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஹீமோகுளோபின் என்ற ஒற்றை எண்ணை வைத்து என்னை அனுப்பியது இன்னும் கோபமூட்டுகிறது.

இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று. தேநீரோடு விழுங்கக் கூடாது. உதிரப்போக்கின் காரணமறிய அடுத்த வாரம் ஸ்கேன். அதையும் நான்தான் கேட்டு வாங்கினேன்.