வேர்டுல ஸ்டைல் போட்டு வேலை பாத்தவுக அனுபவத்தச் சொல்லுங்க

காரைக்குடி, டிடிபி கடை:
நானே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஒரு வீட்டுக்காரவுக வம்சாவளி புத்தகம் போடணும்னு வந்தாக, படைப்புக்கு, அதாவது முன்னோரக் கும்பிடுறதுக்குப் பங்காளியெல்லாம் கூடுறப்ப வீட்டுக்கு ஒண்ணு குடுக்கணும்னாக. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தலைப்பு, அதுக்குக் கீழ பிள்ளைக பேரு, எந்த ஊர்ல பொண்ணெடுத்தது, பர்மாவுல எங்க கடை வச்சிருந்தாகங்கிற வெவரம், இப்படி 212 புள்ளி. நான் பழைய பழக்கத்துல ஒவ்வொரு தலைப்பா செலக்ட் பண்ணி போல்டு, 16 சைஸு, சென்டர்னு கையாலயே போட்டுக்கிட்டு வந்தேன். அச்சுக்குப் போறதுக்கு மொத நாள் சாயங்காலம் அந்த வீட்டு அண்ணே வந்து பாத்துட்டு, விலாசம் பெருசாத் தெரியணும் தம்பி, இடது பக்கம் தள்ளி 18ல போட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அவுக கேட்டது நியாயம், விலாசம்னா பேருக்கு முன்னாடி ராம.சித.ன்னு வர்ற எழுத்து, அத வச்சுத்தான் எந்த வீடுன்னே வெளங்கும். ஆனா 212 தடவை!

அன்னிக்கு ராத்திரி உக்காந்துதான் ஸ்டைல கத்துக்கிட்டேன், அதாவது ஃபான்ட், சைஸ், எந்தப் பக்கம்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சேத்து வைக்கிறது. ஒரு தலைப்புல கர்சர வச்சு, ஹோம்ல செலக்ட்னு இருக்கும் பாருங்க, அதுல சிமிலர் ஃபார்மேட்டிங் குடுத்தா அதே மாதிரி இருக்கிற அத்தனையும் ஒரே மூச்சுல செலக்ட் ஆயிரும். அப்பறம் கன்ட்ரோல் ஸ்பேஸ், கன்ட்ரோல் க்யூ அடிச்சு கையால போட்டதையெல்லாம் அழிச்சுட்டு ஹெடிங் 1 குடுத்தேன். அழிக்காம விட்டா சில எடத்துல பழசு ஒட்டிக்கிட்டே நிக்கும். அதுக்கு மேல ஹெடிங் 1ல ரைட் கிளிக், மாடிஃபை, 18, இடது பக்கம், ஓகே. மொத்தப் புத்தகமும் மாறிருச்சு. நான் 15 சைஸுல தப்பாப் போட்டு வச்சிருந்த ஒம்பது தலைப்பு மட்டும் சிக்கல, அத ஒவ்வொண்ணாத் தேடிப் புடிச்சேன். பொருளடக்கமும் அதுவே போட்டுக் குடுத்துச்சு, பக்கம் மாறுனா அதுல கர்சர வச்சு எஃப்9 தட்டுனாப் போதும்.

தேவகோட்டை, ஆய்வு மாணவி:
அண்ணே எனக்கு வேற மாதிரி ஆச்சு. என் தீசிஸ் நம்ம செட்டிநாட்டு வீடுகளோட கட்டடக்கலை பத்தி, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு போகும். ஹெடிங் 1 மாடிஃபைல போயி ஃபான்ட்டையும் சைஸையும் மாத்துனா தலைப்புல இருக்கிற நம்பரும் இங்கிலீஷும் மட்டும் மாறுது, தமிழ் அப்படியே லதாங்கிற ஃபான்ட்ல சின்னதா நிக்குது. ரெண்டு நாள் ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழுதுட்டேன். அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, வேர்டு தமிழ காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு தனியா வச்சிருக்கு. மாடிஃபைல கீழ ஃபார்மேட், ஃபான்ட் போனா அதுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு, அங்கயும் ஃபான்ட், சைஸ், போல்டு மூணையும் சொல்லணும். தமிழ்ல டைப் பண்றவுக எல்லாரும் இத மொத நாளே தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறேன். இன்னொண்ணு, தலைப்பெல்லாம் ஸ்டைல்ல இருந்தா நேவிகேஷன் பேன்ல வரிசையாத் தெரியும், கைடு சொன்னாகன்னு வளவுப் பகுதிய அப்படியே புடிச்சு முகப்புக்குக் கீழ இழுத்து விட்டேன், அதுக்குள்ள இருந்த படமெல்லாம் கூடவே வந்துருச்சு.

காரைக்குடி, டிடிபி கடை:
தங்கச்சி சொல்றது ரொம்ப முக்கியம். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கம்ப்யூட்டர் பொறுத்தவரைக்கும் அது இங்கிலீஷ் எழுத்துதான், அதனால மேல் கட்டத்துல மாத்துனாலே மாறிரும். தமிழ் எழுத்தத் தமிழாவே வச்சிருக்கிற யூனிகோடுக்கு மாத்துனப்பறம் அதே வேலை காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு இருக்கிற கீழ் கட்டத்துக்குப் போயிருது. எங்கள மாதிரி பழைய ஆளுக இங்கதான் தடுமாறுறோம்.

புதுவயல்:
நான் லிபர்ஆபீஸ் ரைட்டர், காசு இல்லாம கெடைக்கிறது. எஃப்11 அடிச்சா ஸ்டைலெல்லாம் பக்கவாட்டுல வந்துரும். எங்க ஆயா பலகாரக் குறிப்பு தொகுத்தேன், கந்தரப்பம், உக்காரை, சீயம், மனகோலம், கவுனி அரிசின்னு. பலகாரப் பேருக்கு ஒரு ஸ்டைல், சாமானுக்கு ஒண்ணு, செய்முறைக்கு ஒண்ணு. நெக்ஸ்ட் ஸ்டைல்னு ஒண்ணு இருக்கு, அதுல சொல்லி வச்சுட்டா பேர அடிச்சு என்டர் தட்டுனதுமே சாமான் ஸ்டைல் தானா வந்துரும், ஆயா சொல்லச் சொல்ல மவுஸ தொடாம அடிச்சேன். அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அதனால அதே ஃபைல்ல ஸ்டைல மட்டும் 20 சைஸாக்கி அவுகளுக்குன்னு தனியா ஒரு பிரதி எடுத்துக் குடுத்தேன். அவுகளே படிச்சுப் பாத்துட்டு சீயத்துக்கு உளுந்து அளவு தப்புன்னாக, திருத்திட்டேன்.