மறு: ஃப்ரீ லிஃப்டுக்கு என்ன சொல்? நான் கொசுறு என்கிறேன்

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

கேமராப் பெட்டியை ஹீலியம் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்புவதற்கு நாம் எழுதும் தமிழ்க் கையேட்டின் நான்காம் பக்கத்திலேயே மூன்று வாரமாக நிற்கிறோம். பேலோடுக்குச் சுமை என்பது அரை நிமிடத்தில் முடிந்தது. பாராசூட்டுக்குக் குடை. பலூனைப் பலூன் என்றே விட்டுவிட்டோம். கோயில் கொடையில் ஊதி விற்கிறவரே அப்படித்தான் சொல்கிறார். ஃப்ரீ லிஃப்டில் வந்து வண்டி நின்றுவிட்டது. இதுவரை வந்தவை:

> இலவச ஏற்றம்
> கட்டற்ற எழுச்சி
> மிகை மேல்நோக்கு விசை

முதலாவது நான் எழுதியதுதான். இப்போது படித்தால் ரேஷன் கடை வாசம் அடிக்கிறது, எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பொறியியல் படிக்கும் தங்கச்சி, ஃப்ரீ சாஃப்ட்வேரைக் கட்டற்ற மென்பொருள் என்கிற பழக்கத்தில் சொன்னது. சுவரொட்டியில் போட்டால் போராட்டத்துக்கு ஆள் வந்துவிடும். மூன்றாவது அண்ணாச்சி தந்தது. பொருளில் குற்றமில்லை, பள்ளிப் பாடநூலோடும் ஒட்டும். ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பலூன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் "மிகை மேல்நோக்கு விசை எவ்வளவுலே?" என்று கத்திக் கேட்க முடியுமா?

சொல்லுக்கு முன்னால் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். பலூன் ரப்பரே 1000 கிராம். கேமரா, டிராக்கர், பேட்டரி, தெர்மாகோல் பெட்டி, குடை, கயிறு எல்லாம் சேர்ந்து 1400 என்று வைத்துக்கொள்வோம். இந்த 2400 கிராமுக்குச் சரியாக வாயு பிடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பெட்டி மேலேயும் போகாது, கீழேயும் வராது. விட்ட இடத்திலேயே அந்தரத்தில் தொங்கும். மேலே போக வேண்டுமென்றால் கணக்குக்கு மேல் கொஞ்சம் போட வேண்டும். இந்தச் சுமைக்கு இன்னும் ஒரு 900 கிராமைத் தூக்குகிற அளவு வாயு கூடப் போட்டால் விநாடிக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். அந்த 900தான் ஃப்ரீ லிஃப்ட். இதில் வருகிற ஃப்ரீ காசில்லாததும் இல்லை, கட்டில்லாததும் இல்லை. எடைக்கு எடை கொடுத்தது போக மிஞ்சி நிற்பது.

நிறுத்துக் கொடுத்த பிறகு மேலே போடுகிற ஒரு பிடிக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. காய்கறிக்காரர் தராசை இறக்கி வைத்துவிட்டு, பைக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலையைத் திணிக்கிறாரே, அது. கொசுறு.

இதற்கு அண்ணாச்சி போன மடலில் எழுதியது:

> கொசுறு என்பது விற்கிறவன் மனம் போல் கொடுப்பது. நீங்கள் சொல்வதோ கணக்குப் போட்டு வைக்கும் அளவு. இரண்டும் ஒன்றாகுமா?

நியாயமான கேள்வி. ஆனால் கறிவேப்பிலைக்காரர் கையிலும் கணக்கு இருக்கிறது, அண்ணாச்சி. குறைத்தால் அடுத்த நாள் நாம் பக்கத்துக் கடைக்குப் போவோம், கூட்டினால் அவருக்கு நட்டம். பலூனிலும் அதே கதை. கொசுறு குறைந்தால் ஆமை மாதிரி ஏறும், காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும், சில சமயம் வெடிக்காமல் உச்சியிலேயே மிதந்துகொண்டு கிடக்கும். கூடினால் விறுவிறுவென்று ஏறும், ஆனால் சீக்கிரமே வெடிக்கும். இது பலருக்குப் பிடிபடுவதில்லை: கூடுதலாக வாயு பிடித்தால் கூடுதல் உயரம் போக வேண்டாமா என்கிறார்கள். ரப்பர் ஓர் அளவுக்கு மேல் விரியாது. தரையில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் கிளம்பும் பலூன், 30 கிலோமீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் எண்பதில் ஒரு பங்குக்கும் கீழே போவதால், நாலு மடங்கு அகலமாகி ஒரு சின்ன வீடு அளவுக்கு ஊதிக் கிழிகிறது. கிளம்பும்போதே பெருத்துப் போனால் கிழிகிற அளவைக் கீழேயே தொட்டுவிடும்.

நம் ஊருக்கு இது வெறும் கணக்கும் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர். அந்த மாதங்களில் தரைப்பக்கம் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று பலூனைக் கிழக்கே, கடல் பக்கம் தள்ளும். 14, 15 கிலோமீட்டருக்குப் போனால் தலைகீழ்: கிழக்கேயிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. வானிலையாளர் கோடீஸ்வரம் 1950களில் எழுதிய வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று அதுதான். தரைப்பக்கத்துக் காற்றில் எத்தனை நிமிடம், உயரத்துத் தாரையில் எத்தனை நிமிடம் என்பதைக் கொசுறுதான் முடிவு செய்கிறது. பெட்டியைத் தேரிக்காட்டில் உடைமரத்துக்கு அடியில் எடுக்கப் போகிறோமா, மணப்பாட்டுக்கு அப்பால் கடலுக்குக் கொடுக்கப் போகிறோமா என்பது அந்த 900 கிராமில் இருக்கிறது.

போன மாதம் கயிறு கட்டிப் பார்த்த அன்று நடந்தது நினைவிருக்கும். மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி கொக்கித் தராசைப் பலூன் வாயில் மாட்டி, நான்தான் எண்ணைப் படித்தேன். காற்று ஒரு தட்டு தட்ட 1800 என்கிறது, அடுத்த தட்டில் 2600. சுமை 1400, கொசுறு 900, ஆக 2300 வந்தால் போதும் (ரப்பரைப் பலூன் ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது) என்று இருந்த நான், 2600ஐப் பார்த்ததும் வால்வை மூடச் சொல்லிவிட்டேன். தராசில் கூடியது காற்றின் இழுப்பு, வாயு போதவில்லை. சுமையை மாட்டிவிட்டால் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, உட்கார்ந்து, எழும்பி, உட்கார்ந்து... நல்ல வேளை, கயிறு இருந்தது.

அதனால் இனித் தராசு வேண்டாம். இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்றில் சுமையளவு 1400, மற்றதில் கொசுறு 900. இரண்டையும் வாயில் தொங்கவிட்டு, பலூன் இரண்டையும் தரையிலிருந்து மெல்லத் தூக்குகிற வரை வாயு பிடிப்பது. பிறகு பாட்டில்களைக் கழற்றிவிட்டுச் சுமையை மாட்டினால், கொசுறு பாட்டில் இருந்த இடம் காலி. அந்தக் காலிதான் பலூனை ஏற்றுகிறது. இதைப் பார்த்த எட்டாம் வகுப்புப் பையன் யாரும் சொல்லாமலே "அது கொசுறு பாட்டில்" என்றான். எனக்குச் சொல் கிடைத்தது அங்கேதான், அகராதியில் இல்லை.

அப்புறம், லிஃப்டுக்கு. தூக்கு என்று வைக்கலாமென்று நினைத்தேன். பலூன் வாயில் தொங்குவதைத் தூக்குகிற நெக் லிஃப்ட் "கழுத்துத் தூக்கு" ஆகிவிடும், கையேடு சிறைத்துறைக்குப் போகும். எழுச்சியை மேலேயே ஒதுக்கிவிட்டோம். எடை என்ற சொல்லே எடு என்பதிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் கீழே இழுப்பது எடை, மேலே கொண்டுபோவது எடுப்பு. காவடியெடுப்பு, முளைப்பாரி எடுப்பு என்று நம் பக்கம் தூக்கிச் செல்வதற்கு இருக்கிற சொல்தான். மொத்த எடுப்பு, வாய் எடுப்பு, கொசுறெடுப்பு. நடுவில் உள்ளதைப் பார்த்து யாராவது வாந்தி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அல்லது வேறு சொல் தரட்டும்.

பாளையிலிருந்து

---

தம்பிக்கு,

எடுப்பு பிடித்திருக்கிறது. எடையும் எடுப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக எதிரும் புதிருமாக நிற்பது அழகு. இதை எனக்குத் தோன்றவில்லையே என்று சற்றுப் பொறாமைகூட.

கொசுறில் இன்னும் மனம் முழுதாக ஒட்டவில்லை. கடைத்தெருச் சொல் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு. அளவையில் ஊர்ச்சொல் வருவது நமக்குப் புதிதில்லை. என் கவலை வேறு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தின் தமிழ்ப் படியில் "கொசுறு 900 கிராம்" என்று இருந்தால், படிக்கிறவர் நம்மைக் காய்கறிக் கடை என்று நினைப்பார்.

ஆகவே கடிதத்தில் மிகை எடுப்பு. கையேட்டில் உங்கள் கொசுறெடுப்பு. அடைப்புக்குறிக்குள் ஒன்றையொன்று போட்டுக்கொள்ள வேண்டாம்; கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ஒரே வரியில் இரண்டையும் வைத்தால் போதும்.

வாய் எடுப்பு வேண்டவே வேண்டாம். வாய்த்தாங்கல் என்று பாருங்கள்.

---

அண்ணாச்சி,

வாய்த்தாங்கல் சரி. தாங்கல் என்றதும் சிலர் குளத்தைத்தான் நினைப்பார்கள், பரவாயில்லை, தண்ணீர் பாட்டில்தானே தொங்குகிறது.

இரண்டு பாட்டிலிலும் இன்று தாள் ஒட்டிவிட்டேன்: சுமை 1400, கொசுறு 900. தங்கச்சி கேட்டதற்குப் பதில்: ஆமாம், பாட்டிலும் மூடியும் கயிறும் சேர்த்துத்தான் 900. தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றிவிடாதீர்கள்.