ரிசல்ட் நேரத்தில் வாலிபர் கூட்டம்: ஒப்பீடு பற்றி எந்த வேதபகுதி எடுப்பது?

வாலிபர்_செயலர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பின் வரும் 4 ஞாயிறுகளுக்கு எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் வேதபாடம் வைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு 45 நிமிடம், வயது 15 முதல் 22. பொருள்: பிறரோடு ஒப்பிடாமல் கிறிஸ்துவுக்குள் தன் மதிப்பை அறிவது. வழக்கமாகச் சங்கீதம் 139:14 ("நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன்") எடுப்பார்கள். பிள்ளைகளும் ஆமென் சொல்வார்கள். ஆலய வாசலைத் தாண்டுமுன்னே "உனக்கு கட் ஆஃப் எவ்வளவு?" தொடங்கிவிடும். எந்தப் பகுதிகள், எந்த வரிசையில்? வீட்டில் செய்ய ஏதாவது பயிற்சி உண்டா?

பதினோராம்_மணி

139:14-ஐத் தனியாகப் பிய்த்துக் கொடுத்தால் அது "நீயும் ஸ்பெஷல்" என்ற பாராட்டாகச் சுருங்கிவிடும். பாராட்டும் ஒரு மார்க்தான். பக்கத்தில் இருப்பவனுக்கு இன்னும் பெரிய பாராட்டு கிடைத்தால் நம்முடையது செல்லாக்காசு. தீர்ப்பை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதில் ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் மத்தேயு 3:13 முதல் 4:11 வரை. "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வரும்போது, மத்தேயு சொல்லும் வரிசையில் இயேசு இன்னும் ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை, ஒரு நோயாளியையும் தொடவில்லை. அடுத்து வனாந்தரத்தில் சோதனைக்காரனின் முதல் வார்த்தையே "நீர் தேவனுடைய குமாரனேயானால்". ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை நிரூபித்துக் காட்டு என்கிறான். 3-ம் அதிகாரத்தோடு வாசிப்பை நிறுத்தினால் இந்த இணைப்பு போய்விடும். "அது இயேசுவுக்குச் சொன்னது, நமக்கென்ன?" என்று ஒருவன் கேட்பான், கேட்கட்டும். பதிலுக்கு எபேசியர் 1:5-6, நாமும் சுவிகாரபுத்திரர், அதாவது தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் என்ற பகுதி.

இரண்டாம் வாரம் மத்தேயு 20:1-16, விடியற்காலையில் வந்தவனுக்கும் கடைசி மணியில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்ட எஜமானின் உவமை. 9-ம் வசனத்தில் நிறுத்தி, "விடியற்காலையில் வந்தவனுக்கு இந்த நிமிடம் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்காது. பேசிய கூலி ஒரு பணம் (அன்றைய ஒரு நாணயம்), அது வரப்போகிறது. பிறகு 8-ம் வசனத்துக்குத் திரும்புங்கள்: எஜமான் பிந்தி வந்தவர்கள் தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறான். முந்தினவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். கையில் இருக்கும் பணம் குறையவே இல்லை, பக்கத்துக் கையைப் பார்த்ததும் குறைந்துபோகிறது. "எங்களுக்கு அவர்களைச் சமமாக்கினீரே" என்ற 12-ம் வசனத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் விளக்காதீர்கள். இதற்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் வாரம் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல். எல்லோரும் 1 சாமுவேல் 18-ல் தொடங்கி "பொறாமை தப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். 10:22-ல் தொடங்குங்கள்: ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்டவன் தளவாடங்களுக்குள் ஒளிந்திருக்கிறான். 15:24-ல் ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். 18:7-9-ல் சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்ற பாட்டைக் கேட்டுக் காய்மகாரம். தாழ்வு மனப்பான்மையும் காய்மகாரமும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டிலும் கண் ஜனங்கள் மேல்தான். பக்கத்திலேயே சவுலின் மகன் யோனத்தான் இருக்கிறான். பட்டத்துக்கு உரியவன், 18:4-ல் தன் சால்வையையும் பட்டயத்தையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். 23:17-ல் "நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன்" என்கிறான்.

கடைசி வாரம் கலாத்தியர் 6:4-5, யோவான் 21:20-22 (இன்னொரு சீஷனைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்று பேதுரு கேட்ட இடம்). கலாத்தியர் பகுதி, தன் வேலையைச் சோதித்துப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. மற்றவனை அளவுகோலாக வைக்காதே என்கிறது. சோம்பலுக்கு இந்தப் பாடத்தைச் சாக்காக்க நினைப்பவனுக்கு 5-ம் வசனம் போதும்.

லொயோலா_வாசகர்

பயிற்சி கேட்டீர்கள். எங்கள் கத்தோலிக்க மரபில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் (திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-ல் ஏற்றுக்கொண்டது) தனி ஆன்ம சோதனை என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது. இங்கே அது "இன்னொருவரைப் பார்த்து என்னை அளந்தது".

நோட்டில் நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு 14. காலையில் எழுந்ததும் அந்தக் குறையைத் தவிர்க்க உறுதி எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், எழுந்தது முதல் மணி மணியாக நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதேபோல் இரண்டாவது கோட்டில். நடுவில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்; கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிறகு இரண்டாவது கோட்டை முதல் கோட்டோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடுவது. அடுத்தவர் நோட்டு இதில் வரவே வராது.

கெட்டுப்போகிற இடம் இரண்டு. கூட்டத்தில் "உனக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டால் அது இன்னொரு மார்க் ஷீட் ஆகிவிடும், நோட்டை யாரிடமும் காட்டவே கூடாது. இன்னொன்று, இரவில் செய்யும் பொது ஆன்ம சோதனைக்கு அவர் வைக்கும் முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. அதை விட்டுவிட்டு நேரே குறைக்குப் போனால் ஒரு வாரத்தில் மனம் சோர்ந்துவிடும். எதற்கெடுத்தாலும் குற்ற உணர்வில் தவிக்கும் பிள்ளைக்குப் புள்ளி வைக்கும் பயிற்சியே வேண்டாம், நன்றி மட்டும் போதும்.

பழைய_கமிட்டி

நாலு வாரம் பாடம் நடத்திவிட்டு, ஐந்தாம் வாரம் ஆராதனை நடுவில் முதல் மூன்று மதிப்பெண்காரர்களை மேடையேற்றி சால்வை போர்த்தினால் எல்லாம் வீண். பரிசு வேண்டாம் என்று சொன்னால் கமிட்டி கேட்காது என்பதும் உண்மை. ஆகக்கூடியது: பரிசளிப்பை ஆராதனைக்கு வெளியே வேறொரு நாளுக்குத் தள்ளுவது. ஆராதனையில் தேர்வெழுதிய எல்லாரையும் பேர் சொல்லி ஜெபிப்பது. தேறாதவர்களையும் சேர்த்து, மார்க் சொல்லாமல். வசன ஒப்புவித்தலில் முதல், இரண்டாம் இடம் இல்லாமல் குறித்த வசனங்களை முடித்த எல்லாருக்கும் சான்றிதழ். ஸ்தோத்திரக் காணிக்கையில் பேரை மட்டும் வாசிப்பது, தொகை வேண்டாம். கமிட்டியில் பேச யாக்கோபு 2:1-4 (பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரம் என்ற பட்சபாதம் வேண்டாம்) உதவும். பெற்றோருக்குத் தனியாக அரை மணி நேரம் கிடைத்தால் ஆதியாகமம் 37:3-4, யோசேப்பின் பலவருண அங்கி. வீட்டில் ஒப்பீட்டைத் தைத்துக் கொடுத்தவர் அப்பாதான்.

இன்னொன்று. சாப்பிடாமல், தூங்காமல் ஒதுங்கும் பிள்ளை, "இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசும் பிள்ளை இருந்தால் பாடம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண், எந்த நேரமும் பேசலாம். தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழைக்கச் செய்யுங்கள்.

வாலிபர்_செயலர்

எல்லாருக்கும் நன்றி. தாலந்து உவமையை யாருமே சொல்லவில்லையே, விட்டுவிட்டீர்களா?

பதினோராம்_மணி

வேண்டுமென்றே விட்டது. மூன்று ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து கொடுத்துவிட்டுப் போன எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் கதை அது; ஒன்றைப் புதைத்து வைத்தவன் புறம்பான இருளில் தள்ளப்படுகிறான். ரிசல்ட் வந்த வாரத்தில் மத்தேயு 25 வாசித்தால், மார்க் குறைந்தவன் "நான்தான் அந்த ஒரு தாலந்துக்காரன், புறம்பான இருள்தான்" என்று எடுத்துக்கொள்வான். ஆறு மாதம் கழித்து எடுங்கள். அப்போது இரண்டு விஷயம்: 21, 23-ம் வசனங்களை ஒருவரை ஒருவர் எதிரெதிரே நின்று வாசிக்கச் சொல்லுங்கள், ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொன்னது ஒரே பாராட்டு. அடுத்து, ஒரு தாலந்து சுமார் 6,000 பணம். 20-ம் அதிகாரத்துக் கூலிக்காரனுக்கு நாளுக்கு ஒரு பணம்தானே. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்து எத்தனை வருஷக் கூலி என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 19 வருஷத்துக்கு மேலே வரும்.